இறப்பைப் பதிவு செய்தாயிற்றா?

வீட்டில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால் அடுத்து ஆக வேண்டிய காரியங்கள் என்னென்ன என்பது நம்மவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ரயிலேறி வருகிறவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். கோடித் துணி, நெய்ப்பந்தம், மறுநாள் பால் தெளிப்பு, 16ஆம் நாள் கருமாதி என்று வரிசையாக நடக்கும். ஒன்று விடுபட்டாலும் சொல்லிக் காட்ட நாலு பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வரிசையில் சேராத இன்னொரு காரியம் உண்டு. அதற்குச் சட்டம் கொடுத்திருக்கும் கெடு 21 நாள். கருமாதி முடிந்த பிறகும் ஐந்து நாள் மிச்சம் இருக்கிறது. ஆனால் அதைச் செய்யாமல் விட்டால் பந்தலில் யாரும் குறை சொல்வதில்லை. ஆறு மாதம் கழித்தோ, ஆறு வருடம் கழித்தோ, ஏதாவது ஓர் ஆபீசின் ஜன்னலுக்கு வெளியே நிற்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

இறப்பைப் பதிவு செய்து சர்டிபிகேட் வாங்குவதுதான் அந்தக் காரியம்.

பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டம் 1969இல் நாடு முழுமைக்குமாக இயற்றப்பட்டது. 1970 ஏப்ரல் 1 முதல் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு சாவையும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது அதன் விதி. ஏழை, பணக்காரர், ஆண், பெண், பெரியவர், பச்சைக் குழந்தை என்ற வித்தியாசம் அதில் கிடையாது. அரை நூற்றாண்டு கடந்த பிறகும், 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், முந்தைய மூன்று ஆண்டுகளில் வீட்டில் நேர்ந்த சாவுகளில் 100க்கு 71தான் பதிவானதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். மீதி 29 சாவுகள் சர்க்கார் கணக்கில் ஏறவில்லை.

கேரளம், கோவா போன்ற இடங்களில் அநேகமாக எல்லாச் சாவும் பதிவாகிறது. வடக்கே பல மாநிலங்களில் பாதிகூடத் தேறுவதில்லை. ஒரே மாநிலத்தில், ஒரே தெருவில், ஒரே குடும்பத்திலேகூட ஒரு சாவு பதிவாகிறது, இன்னொன்று விடுபடுகிறது. இதற்குக் காரணம் என்ன? அறியாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

பணம் வரும் சாவு, வராத சாவு

கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் இறந்தால், காரியம் முடிவதற்குள்ளேயே சக ஊழியர்கள் வந்து நினைவூட்டுவார்கள். பிராவிடண்டு பண்டு வாங்க சர்டிபிகேட் வேண்டும். மனைவிக்குக் குடும்ப பென்ஷன் கிடைக்க வேண்டும். பி.எப். உறுப்பினர்களுக்கு 1976இல் தொடங்கப்பட்ட இன்ஷூரன்ஸ் திட்டத்தில் வரும் தொகைக்கும் வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் ஈமச் செலவுத் தொகை உண்டு, அதற்கும் வேண்டும். எல்.ஐ.சி. பாலிசி, பாங்குக் கணக்கு, தபால் ஆபீஸ் சேமிப்பு, கருணை அடிப்படையில் மகனுக்கு வேலை என்று எதைத் தொட்டாலும் முதல் கேள்வி அதுதான். ஆகவே அந்தச் சாவு தவறாமல் பதிவாகிவிடும்.

அதே வீட்டில் நாலு வருடம் முன்னால் பாட்டி போயிருப்பாள். பாட்டிக்குச் சம்பளம் கிடையாது. பேரில் நிலம் கிடையாது. பாங்குக் கணக்கும் இல்லை. அவளுக்கு எதற்கு சர்டிபிகேட் என்று விட்டிருப்பார்கள். அதைத் தவறு என்று கூட யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

ஆண்களின் சாவைவிடப் பெண்களின் சாவு குறைவாகவே பதிவாகிறது என்று மேலே சொன்ன கணக்கெடுப்பு காட்டுகிறது. நகரங்களைவிடக் கிராமங்களில் குறைவு. வசதியுள்ள வீடுகளைவிட ஏழை வீடுகளில் குறைவு. பிறந்து சில நாளில் இறந்துபோகும் குழந்தைகளின் கதை இன்னும் மோசம். பெயர் வைப்பதற்கு முன்பே போன பிள்ளையின் பிறப்பும் பதிவாவதில்லை, இறப்பும் பதிவாவதில்லை. சர்க்கார் ஏட்டைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளை இந்தப் பூமிக்கு வரவே இல்லை.

சர்டிபிகேட்டால் ஏதாவது கிடைக்கும் என்றால் குடும்பங்கள் தேடிப் போகின்றன என்பதற்குக் கொரோனா காலமே சாட்சி. 2021 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பைத் தொடர்ந்து, கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் உதவி என்று அறிவிக்கப்பட்டது. சர்டிபிகேட்டைப் பற்றி அதுவரை கவலைப்படாதவர்களும் நகராட்சி ஆபீசுகளின் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

சுடுகாட்டில் யார் கேட்கிறார்கள்?

நகரத்தில் பதிவு அதிகமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் சுடுகாடு. மும்பை, பெங்களூர் போன்ற பெருநகரங்களில் டாக்டர் கொடுத்த சாவுச் சீட்டு இல்லாமல் மயானத்துக் குமாஸ்தா உள்ளே விடமாட்டார். மனம் இருக்கிறதோ இல்லையோ, காகிதம் ஒன்று உண்டாகிவிடுகிறது. மயானத்தைப் பராமரிப்பவர் சாவுகளைப் பற்றிப் பதிவாளருக்குத் தகவல் தர வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது.

கிராமத்தில் அப்படியில்லை. ஆற்றங்கரையிலோ ஊர்ப் பொது இடத்திலோ எரிப்பதற்கும் புதைப்பதற்கும் சீட்டு கேட்பவர் கிடையாது. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் கிராம முன்சீபு இந்த ஏட்டை வைத்திருந்தார். ஊரில் எந்த வீட்டில் சாவு என்பது அவருக்குத் தானாகவே தெரியும். பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இப்போது கிராமங்களில் வி.ஏ.ஓ.விடம் நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

பயமும் வெட்கமும்

சாவை மறைக்கும் பழக்கத்துக்கு மும்பையிலேயே ஒரு பழைய கதை உண்டு. 1896இல் இந்த நகரத்தில் பிளேக் நோய் புகுந்தது. நோய் கண்ட வீட்டாரைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். வீட்டுச் சாமான்களைக் கொளுத்தினார்கள். பிணத்தைப் பரிசோதிக்க அதிகாரிகள் வந்தார்கள். இதற்குப் பயந்து பல குடும்பங்கள் சாவை வெளியே சொல்லாமலே மறைத்தன. சர்க்காருக்குத் தெரிந்தால் தொல்லை என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது.

இன்றைக்கும் அந்தப் பயம் வேறு உருவத்தில் இருக்கிறது. தற்கொலை என்றால் போலீஸ் வரும், பிரேத பரிசோதனை என்று உடலை அறுப்பார்கள், ஊர் பேசும் என்று பயந்து, "நெஞ்சு வலி" என்று சொல்லி அவசரமாக எரித்துவிடுகிற வீடுகள் உண்டு. எய்ட்ஸ், காசநோய் என்றால் வெட்கம். பிறகு பதிவுக்குப் போனால் காரணம் கேட்பார்களே என்று அதையும் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நமக்குக் கொடுக்கப்படும் இறப்பு சர்டிபிகேட்டில் சாவுக்கான காரணத்தைக் குறிப்பிடவே கூடாது என்பது சட்டம். பெயர், தேதி, இடம், தாய் தந்தை அல்லது கணவன் மனைவி பெயர், முகவரி போன்றவைதான் அதில் இருக்கும். காரணம் சர்க்காரின் ஏட்டோடு நின்றுவிடும். ஆகவே சம்பந்தி வீட்டாரோ ஆபீசில் மேலதிகாரியோ பார்த்துவிடுவார்களே என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சந்தேகச் சாவை மறைத்து எரிப்பது வேறு விஷயம். அது குற்றம். பின்னால் இன்ஷூரன்ஸ் பணமும் அதனால் சிக்கிக்கொள்ளும்.

இருக்கிறவரைப் போல் இறந்தவர்

வேண்டுமென்றே பதியாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர் குறைந்தால் அரிசி குறையும் என்பது ஒரு கணக்கு. பெரியவரின் பென்ஷன் இன்னும் சில மாதம் வரட்டுமே என்பது இன்னொரு கணக்கு. மும்பையின் பழைய சால் வீடுகளில் பகடி முறையில் குடியிருப்பவர்களைப் பார்க்கலாம். வாடகை ரசீது இன்னும் தாத்தா பெயரிலேயே வரும். தாத்தா போய் முப்பது வருடம் ஆகியிருக்கும். ரசீதைத் தன் பெயருக்கு மாற்றப் போனால் வீட்டுக்காரன் பணம் கேட்பான், தம்பிமார் பங்கு கேட்பார்கள் என்று பேரன் பேசாமல் இருப்பான்.

கட்டடம் இடிந்து புதிதாகக் கட்டும் நாள் வரும்போதுதான் வினை. உரிமை யாருக்கு என்று கேட்பார்கள். ரசீதில் உள்ளவர் எங்கே என்பார்கள். இறந்ததற்குச் சான்று கேட்பார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய சாவுக்கு அப்போது அலைய வேண்டும்.

மும்பை மில் தொழிலாளர் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1982 ஜனவரி 18இல் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தோடு பலருடைய பிழைப்பு போயிற்று. மில் நிலங்களில் தொழிலாளர்களுக்கு வீடு கட்டித் தரும் திட்டம் வந்து, முதல் பெரிய குலுக்கல் 2012இல்தான் நடந்தது. முப்பது வருட இடைவெளியில் எத்தனையோ தொழிலாளர்கள் போய்விட்டார்கள். வாரிசு விண்ணப்பிக்கலாம். ஆனால் தொழிலாளி இறந்ததற்குக் காகிதம் வேண்டும். ஊரில் இறந்து ஊரிலேயே எரிக்கப்பட்ட தகப்பனாருக்கு எந்த மகன் அன்றைக்கு சர்டிபிகேட் வாங்கினான்? வாங்கியவன் பிழைத்தான்.

இதற்கு நேர்மாறான கதையும் இந்த நாட்டில் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ஆசம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிகாரி என்பவரை, உயிரோடு இருக்கும்போதே, 1970களில் நிலப் பதிவேட்டில் இறந்தவராக எழுதிவிட்டார்கள். அவர் பங்கு நிலம் உறவினர்களுக்குப் போயிற்று. தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க அவர் தேர்தலில் நின்றார். தன்னைப் போன்றவர்களைச் சேர்த்து "மிருதக் சங்கம்" நடத்தினார். 1994இல்தான் ஏட்டில் மறுபடி உயிர் பெற்றார். ஏட்டில் எழுதியதற்கு எவ்வளவு பலம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மும்பையில் சாவு, ஊரில் மயானம்

வெளி மாநிலத்தில் பிழைக்கும் தமிழர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. சாவை எங்கே பதிவது என்பதுதான் அது.

கட்டட வேலைக்கு வந்தவர் மும்பை ஆஸ்பத்திரியில் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சங்கத்தார் பணம் திரட்டி ஆம்புலன்சு வைத்து, உடலைத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே எரிக்கிறார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள். சில மாதம் கழித்து விதவை உதவித்தொகைக்கு மனு போடும்போது சர்டிபிகேட் கேட்கிறார்கள். அந்த அம்மாள் வி.ஏ.ஓ.விடம் போகிறாள்.

"எங்கே அம்மா இறந்தார்?"

"மும்பையிலே, ஐயா. ஆனா நம்ம ஊர்லதான் எரிச்சோம்."

"எரிச்ச இடம் கணக்கு இல்லை அம்மா. உயிர் போன இடம்தான் கணக்கு. அங்கேதான் வாங்கணும்."

வி.ஏ.ஓ. சொல்வது சரி. சாவு எந்த இடத்தில் நேர்ந்ததோ அந்த இடத்துப் பதிவாளர்தான் பதிய முடியும். சொந்த ஊர், ஓட்டு இருக்கும் ஊர், தகனம் நடந்த ஊர் எதுவும் செல்லாது. பெங்களூரில் இறந்தால் பெங்களூரில், கோலார் தங்கவயலில் இறந்தால் அங்கே, விடுமுறைக்குப் போன இடத்தில் இறந்தால் அந்த ஊரில். ஓடும் ரயிலிலோ பஸ்சிலோ உயிர் போனால், வண்டி அதற்கடுத்து முதலில் நின்ற இடம்தான் சாவு நேர்ந்த இடமாகக் கொள்ளப்படும்.

ஆகவே உடலை ஊருக்கு எடுத்துச் செல்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டாலும், இங்கே ஒருவர் தங்கி அந்த வேலையை முடிக்க வேண்டும். மைத்துனரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, சங்கத்துக் காரியதரிசியோ யாராவது ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும்.

யார் சொல்ல வேண்டும்?

வீட்டில் இறந்தால் குடும்பத் தலைவர் தகவல் தர வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அதன் பொறுப்பு டாக்டர் தர வேண்டும். ஹோட்டல், தர்மசாலை, விடுதி என்றால் அதை நடத்துபவர். பொது இடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த உடல் என்றால் அந்த இடத்துப் போலீஸ் நிலைய அதிகாரி அல்லது கிராமத் தலைவர்.

ஆஸ்பத்திரி பதிந்துவிடும், நமக்கு வேலை இல்லை என்று இருந்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரி தகவல்தான் அனுப்பும். பெயரையும் முகவரியையும் நாம் சரியாகச் சொன்னோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சர்டிபிகேட்டையும் நாம்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்று விதமான காகிதங்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரி கொடுக்கும் சீட்டு ஒன்று. மயானத்தில் கொடுக்கும் ரசீது ஒன்று. பதிவாளர் கையெழுத்தோடு பதிவு எண் போட்டு வருவது ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் இறப்பு சர்டிபிகேட். முதல் இரண்டையும் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, சர்டிபிகேட் இருக்கிறது என்று வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்த குடும்பங்கள் உண்டு.

இன்ஷியல் தகராறு

வெளி மாநிலத்தில் தமிழர்களுக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சு.முருகன் என்றால் சுப்பையா மகன் முருகன் என்பது நமக்குத் தெரியும். மராத்திக் குமாஸ்தாவுக்கு அது தெரியாது. "சர்நேம் என்ன?" என்று கேட்பார். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் யாரோ ஒருவர் எதையோ சொல்வார். முருகன் சுப்பையா என்று ஒரு காகிதத்தில் விழும். சுப்பையா முருகன் என்று இன்னொன்றில் விழும். ஆதார் அட்டையில் எஸ்.முருகன், பாங்குப் புத்தகத்தில் முருகன் எஸ்., பி.எப். கணக்கில் முருகேசன் என்று இருந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை. பணம் எல்லா இடத்திலும் நின்றுவிடும்.

வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதுவது இன்னொரு தவறு. மும்பை மாநகராட்சி சர்டிபிகேட் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மராத்தி எழுத்தில் ழகரம் படும் பாடு தனி. ஆகவே வாயால் சொல்லாமல், இறந்தவரின் ஆதார் அட்டையையும் பாங்குப் புத்தகத்தையும் கொண்டுபோய்க் காட்டி, அதிலுள்ளபடியே எழுதச் சொல்ல வேண்டும். நிரந்தர முகவரி என்ற இடத்தில் சொந்த ஊர் முகவரியைத் தாலுகா, மாவட்டத்தோடு கொடுக்க வேண்டும். பிற்பாடு தமிழ்நாட்டில் தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழ் வாங்கவும், பட்டா மாற்றவும் அது உதவும். பிழை விழுந்துவிட்டால் திருத்தச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் முதலிலேயே சரியாக எழுதுவது பத்து நடையை மிச்சம் பண்ணும்.

கெடு தவறிவிட்டால்?

21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் எதுவும் இல்லை. 2023இல் திருத்தப்பட்டு அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த சட்டப்படி, பதிவு முடிந்த ஏழு நாளுக்குள் சர்டிபிகேட்டை இலவசமாகத் தர வேண்டும்.

21 நாள் தாண்டி 30 நாளுக்குள் என்றால், தாமதக் கட்டணம் கட்டினால் போதும். 30 நாள் தாண்டி ஒரு வருடத்துக்குள் என்றால், மாவட்டப் பதிவாளர் அல்லது அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஒரு வருடமும் கடந்துவிட்டால், முன்பு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவைப்பட்டது. கோர்ட்டு, வக்கீல் என்ற பயத்திலேயே பலர் விட்டுவிட்டார்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு கலெக்டர், கோட்ட அதிகாரி, கலெக்டர் அதிகாரம் அளித்த நிர்வாக மாஜிஸ்திரேட் ஆகியோரே விசாரித்து உத்தரவிடலாம். பழைய சாவு என்பதற்காகக் கைவிட வேண்டியதில்லை.

காணாமல் போனவர் விஷயம் தனி. ஏழு வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் கொண்டுபோனவர்களின் குடும்பங்களை ஏழு வருடம் காக்க வைக்கக் கூடாது என்று மத்திய சர்க்கார் தனி நடைமுறை வகுக்க வேண்டி வந்தது.

கணக்கில் வராத உயிர்

சர்டிபிகேட் குடும்பத்துக்கு மட்டும் உபயோகம் என்று நினைப்பதும் சரியல்ல. எந்த ஊரில் எத்தனை பேர், எந்த வயதில், எதனால் சாகிறார்கள் என்பது இந்த ஏட்டிலிருந்துதான் தெரிய வேண்டும். 2020இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 81 லட்சம் சாவுகள் பதிவாயின. 2021இல் அது 1 கோடியே 2 லட்சமாக ஏறியது. இரண்டாவது அலை எவ்வளவு உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று என்பதை மதிப்பிட உதவியவை, ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒரு மகன் போய் எழுதிக் கொடுத்த வரிகள்தான். 2020இல் பதிவான சாவுகளிலும், காரணத்தை டாக்டர் எழுதியவை கால் பங்குக்கும் குறைவு. பதிவே ஆகாதவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிரசவத்தில் போன பெண்ணும், வயிற்றுப்போக்கில் போன குழந்தையும் ஏட்டில் இல்லாவிட்டால், அந்தப் பகுதிக்கு ஓர் ஆஸ்பத்திரி தேவை என்று எந்தக் காகிதத்தைக் காட்டி வாதாடுவது?

வயிற்றுப் பாட்டுக்கே நேரமில்லாத கூலித் தொழிலாளி, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வார்டு ஆபீசுக்கு நடக்க வேண்டும் என்றால் யோசிக்கத்தான் செய்வான். பாரம் படிக்கத் தெரியாது, மராத்தி பேச வராது, தரகன் பணம் கேட்பான் என்ற தயக்கமும் இருக்கிறது. அவனைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. ஆபீஸ் உத்தியோகத்தில் இருக்கும் தமிழர்களும் சங்கத்துப் பெரியவர்களும் இங்கே கை கொடுக்கலாம். பாடை கட்ட ஆள் திரளும் பேட்டையில், பாரம் எழுதிக் கொடுக்க ஒருவர் கிடைக்கமாட்டாரா?

2015இல் தொடங்கிய பிரதமரின் இன்ஷூரன்ஸ் திட்டத்துக்காக எத்தனையோ தொழிலாளர்களின் பாங்குக் கணக்கிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை பணம் பிடிக்கப்படுகிறது. அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் வர வேண்டும். வீட்டில் உள்ளவர்களுக்கு அது தெரிவதே இல்லை. இறந்தவரின் பாங்குப் புத்தகத்தை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். அதில் 436 ரூபாய் பிடித்தம் இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு உடனே தேவைப்படுவது இறப்பு சர்டிபிகேட்தான்.

பாட்டியின் பெயரில் பணம் எதுவும் வராமல் இருக்கலாம். இருந்தாலும் அவள் பெயரையும் எழுதி வையுங்கள். நாளைக்கு ஊர்ப் பூர்வீக நிலத்துக்கு வாரிசு சான்றிதழ் கேட்கும்போது, பாட்டி எப்போது போனாள் என்ற கேள்வியில்தான் தாசில்தார் தொடங்குவார்.